தாத்தாவின் துப்பாக்கியும் அப்பாவின் காதும்

தம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பேரனும் அங்கே அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு முன்னால் நீ போட்ட கடுதாசி வந்தது. அந்தத் துருப்பிடித்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஏன் மாரடிக்கிறீர்கள், யாருக்காவது விற்றுத் தலைமுழுகிவிட்டு அப்பாவுக்கு ஒரு காது மிஷின் வாங்குங்கள் என்று அழகாக எழுதியிருந்தாய். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே பதில் எழுதியிருந்தால் இன்லண்டு லெட்டர் பற்றி எரிந்திருக்கும். நீ தப்பாக எழுதிவிட்டாய் என்று கோபம் இல்லை. நானும் அதையேதான் உங்கப்பாவிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தேன். பம்பாயில் உட்கார்ந்துகொண்டு சரியான விஷயத்தை எழுதுவது எவ்வளவு சுலபம் பார், அந்தக் கோபம். இப்போது பொங்கல் முடிந்துவிட்டது. பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன். பண்டிகை அலைச்சல் தீர்ந்து கை ஓய்ந்திருக்கிறது, கோபம் ஓயவில்லை. அதனால் உட்கார்ந்து நிதானமாகத் திட்டுகிறேன், நீயும் நிதானமாகப் படி. மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, வரி மேலே ஏறும், கீழே இறங்கும். மருமகள் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு இந்தத் துப்பாக்கிக் கதை ஒன்றும் தெரிந்திருக்காது. நீ சொல்லியிருக்க மாட்டாய், நம்ம வீட்டுக் கதை என்றால் மட்டும் உனக்கு வாயே திறக்காது. அதனால் அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நம்ம ஊரில் காணும் பொங்கல் அன்று பெருமாள் குதிரை வாகனத்தில் ஏறி முந்திரித் தோப்புக்குப் பாரிவேட்டைக்குப் போவார். தோப்பு நடுவில் சாமியை இறக்கி வைத்ததும் மேளம் நிற்கும், எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அப்போது ஒரு துப்பாக்கி வெடிக்க வேண்டும். குண்டு கிண்டு கிடையாது. வெறும் மருந்து, வெறும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் வேட்டை முடிந்தது என்று அர்த்தம், சாமி கோயிலுக்குத் திரும்பலாம். அந்த வெடியை வெடிக்கிற உரிமை நம்ம வீட்டு உரிமை. உன் தாத்தா வெடித்தார், அவருடைய அப்பாவும் வெடித்தார், எல்லாம் இதே துப்பாக்கியில். தாத்தா நிஜமாகவே வேட்டைக்காரர், முயலும் கவுதாரியும் காட்டுப்பன்றியும் கொண்டுவந்து போடுவார். இப்போது அதெல்லாம் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதால் முயல்கள் தைரியமாக நம்ம கடலைக் கொல்லையில் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போகின்றன. துப்பாக்கிக்கு மிச்சம் இருக்கிற ஒரே வேலை வருஷத்துக்கு ஒரு வெடி.

தாத்தா வெடித்த கடைசி வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, உங்கப்பா மறக்கவில்லை. பெண்கள் தோப்புக்குள் போகக்கூடாது, ஏரிக்கரையில்தான் நிற்க வேண்டும் என்று அப்போதும் கட்டுப்பாடு, இப்போதும் கட்டுப்பாடு. அதனால் நான் பார்க்கவில்லை, அவர் சொல்லித்தான் தெரியும். உன்னைக் கழுத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். வெடித்ததும் நீ அழவில்லையாம், கத்தவில்லையாம். அவர் கழுத்தில் மட்டும் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியதாம். சாமி முன்னால் புது வேட்டி சட்டையெல்லாம் நனைந்து நின்றவரைப் பார்த்து உன் தாத்தா, "வெடி நல்லா கேட்டுதுன்னு ஒம்புள்ள கையெழுத்து போட்டுட்டான்டா" என்றாராம். உங்கப்பா இன்றைக்கும் இதைச் சொல்லும்போது கழுத்தைத் தடவிக்கொண்டுதான் சொல்வார்.

பிறகு தாத்தா போய்ச் சேர்ந்தார், உரிமை உங்கப்பாவுக்கு வந்தது. அவர் அப்போதே பீங்கான் கம்பெனியில் அரவை மில்லில் நின்றவர். மருமகளுக்காகச் சொல்கிறேன், அது பெரிய இரும்புப் பீப்பாய். உள்ளே கூழாங்கல்லைக் கொட்டி, கல்லும் மண்ணும் மாவாகிற வரைக்கும் ராப்பகலாகச் சுற்றும். பக்கத்தில் நின்றால் பல் கூசும். அங்கே வருஷக்கணக்காக நின்ற மனுஷனுக்குக் காது என்ன ஆகும்? முதலில் வீட்டில் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். என்மேல் கோபம் போலிருக்கிறது என்று நானும் சத்தமாகப் பேசினேன். தெருவே எங்களைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்று வேடிக்கை பார்த்தது. ஒருநாள் அடுப்படியில் பித்தளை அண்டா உருண்டு விழுந்தது, பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள், இவர் இலையில் ரசத்துக்குக் குழி செய்துகொண்டிருக்கிறார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழ வேண்டியவள் என்ன செய்தேன் தெரியுமா? சோதித்துப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பேன், அவர் "ஆமா ஆமா" என்பார். "கதவத் தட்டுறாங்க பாருங்க" என்பேன், எழுந்துபோய்த் திறப்பார், வாசலில் ஒரு நாய்கூட இருக்காது. திரும்பி என்னைப் பார்ப்பார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன், அவரும் சிரிப்பார். எங்கள் வீட்டில் அப்படித்தான் பொழுது போயிற்று. உனக்கும் என் வாய்தான் என்று மருமகள் எழுதியிருந்தாள். வைத்துக்கொள். ஆனால் பத்துக்கு ஒன்றாவது அவளிடம் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லிப் பழகு. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கப்பாவுக்குக் காது போகிறது என்று ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. வருஷா வருஷம் தோப்பிலிருந்து வரும்போது, "சத்தம் கொறையுது, கொழல் தேஞ்சு போச்சு, மருந்தும் இப்ப நல்லா வர்றதில்ல" என்று சொல்லிக்கொண்டே வருவார். அடுத்த வருஷம் மருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கெட்டிப்பார். அதற்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். பக்கத்தில் நிற்கிறவன் காதைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பான், இவர் "பத்தல, பத்தல" என்பார். குறைந்தது துப்பாக்கியின் சத்தம் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை, எனக்கும் வரவில்லை. கடைசியில் துப்பாக்கியே சொல்லிவிட்டது. போட்ட மருந்து தாங்காமல் பிடிக்கட்டை கழுத்தில் பிளந்தது. மேலே கொக்கு மாதிரி நிற்குமே குதிரை, விசையைத் தட்டினால் போய் அடிக்கிறது, அது இரண்டாக ஒடிந்து பாதி முந்திரிக்காட்டுக்குள் எங்கேயோ பறந்துவிட்டது. உங்கப்பா கன்னத்தை உரசிக்கொண்டு போனதாம். அந்தத் தழும்பை உனக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டது என்று எழுதினேன். சுண்ணாம்பு இல்லை.

அடுத்த பொங்கலுக்கு அதிர்வேட்டு போட்டுச் சமாளித்தார்கள். அதற்கடுத்த பொங்கலுக்கும் அதிர்வேட்டு. உன் சின்னப்பா முறை கலியபெருமாள், நம்ம பங்காளி, அதற்குள் தோட்டா போட்டுச் சுடுகிற புதுத் துப்பாக்கி ஒன்று வாங்கி எண்ணெய் பூசி வைத்துவிட்டான். ஊர்ப் பெரியவர்கள் கூடி, "மூணாவது வருசமும் அவங்க துப்பாக்கி பேசலன்னா கலியபெருமாளே வெடிக்கட்டும், அதுக்கப்பறம் அவன் வூட்டு உரிமை" என்று முடித்துவிட்டார்கள். கலியபெருமாள் என்னைத் தெருவில் பார்த்து, "அண்ணி, அந்த ஒலக்கைய பேசாம நெல்லு குத்த வச்சிக்கிங்க" என்றான். "நெல்லு குத்துறதுக்கு ஒலக்க இருக்குது, ஒன் வாயக் குத்துறதுக்குத்தான் இத வச்சிருக்குறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாய் எனக்கு எப்போதும் ஜெயிக்கும். வீட்டுக்கு வந்தால் உங்கப்பா துப்பாக்கி கிடக்கிற பரணைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சாப்பாடு பாதியில் நிற்கும். கம்பெனி போகிறார், வருகிறார், பரணைப் பார்க்கிறார். கேலி பண்ணினால்கூடத் திரும்பிப் பார்க்கிறதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரி, ஒரு வெடிதானே, வெடித்துத் தொலைக்கட்டும் என்று நானே பரணிலிருந்து இறக்கினேன்.

முதலில் உன்னிடம்தான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ பிட்டர். உன் கையில் லேத்து இருக்கிறது, அரம் இருக்கிறது, நல்ல இரும்பு இருக்கிறது. ஒரு விரல் நீளத்துக்கு ஒரு குதிரை செய்து பார்சலில் போட்டிருந்தால் இந்தக் கடுதாசியே கிடையாது. நீ பதிலுக்குப் புத்தி அனுப்பினாய். மருமகள் குழாய் ஒழுகுகிறது என்றால் அவளுக்கும் தண்ணீர் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவாயோ என்னவோ. போய்த் திருகிக் கொடு, அப்புறம் பேசு. காசைப் பற்றி இதில் ஒரு வரியும் எழுத மாட்டேன். எழுதினால் நீ மணியார்டர் அனுப்பி என் வாயை அடைத்துவிடுவாய். இல்லாமல்தான் செய்தோம், அவ்வளவு தெரிந்தால் போதும்.

நீ சொன்ன காது மிஷினையும் நாங்கள் விட்டுவிடவில்லை. ஒரே நாளில் இரண்டு காரியமும் முடித்துவிடலாம் என்று கடலூருக்கு பஸ் ஏறினோம். துப்பாக்கியைப் பழைய ஜமுக்காளத்தில் சுற்றி உங்கப்பா மடியில் வைத்திருந்தார். கண்டக்டர், "என்னாம்மா அது, நீட்டமா?" என்றான். "எங்க மாமனாரு" என்றேன். லைசென்ஸ் காகிதத்தை எடுத்துக் காட்டிய பிறகுதான் டிக்கெட் கிழித்தான். துப்பாக்கிக் கடைக்காரர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு சாமான் வெளியூர்லேர்ந்து வரணும். நீங்க இத ரிப்பேர் பண்ற செலவுக்கு வேற ஒண்ணு வாங்கிப்புடலாம்" என்றார். உங்கப்பா என் முகத்தைப் பார்த்தார். கடைக்காரர் சொன்னதை நான் அப்படியே சொல்லியிருக்க வேண்டும். "நல்ல துப்பாக்கின்றாரு, பெரிய எடத்துலதான் ஆவுமாம்" என்றேன். அப்புறம் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு மிஷினைச் சட்டைப் பையில் வைத்து, ஒயரைக் காதில் சொருகி, திருகிவிட்டார். உங்கப்பா துள்ளி எழுந்தார். "கழட்டுங்க, மறுபடியும் மில்லு ஓடுது" என்றார். எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கிறதாம், பேச்சு கேட்கவில்லை. இந்த நரம்பு போனால் போனதுதான், மிஷின் பெரிதாக உதவாது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். ஆகவே உன் யோசனை ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவருக்கு அது வித்தியாசமாகத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து நாங்களே இறங்கினோம். ரேஷன் மண்ணெண்ணெய் முழுவதும் குழலுக்குள் போயிற்று. அடுப்புக்குச் சுள்ளி, விளக்குக்கு இருட்டு. கம்பெனியில் பீங்கானுக்கு மெருகு தேய்த்துத் தூக்கிப் போட்ட உப்புத்தாளைப் பொறுக்கி வந்து கம்பியில் சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். வந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீ, செங்கல் சூளையே கொட்டினாற்போல் துரு. பிளந்த கட்டைக்கு ஒட்டுப் போட முற்றிய மரம் வேண்டும் என்று தச்சர் சொன்னார். வீட்டில் முற்றிய மரம் என்ன இருக்கிறது, என்னையும் என் கட்டிலையும் தவிர? எங்கப்பா எனக்குச் சீராகக் கொடுத்த கட்டிலின் ஒரு காலைக் கழற்றிக் கொடுத்தேன். இப்போது அந்தக் கட்டில் மூன்று காலிலும் கம்பெனியில் கழித்துப் போட்ட ஒரு ஊறுகாய் ஜாடியிலும் நிற்கிறது. நீ வந்தால் அதில்தான் படுக்க வேண்டும், புரண்டு படுக்காதே.

இவ்வளவும் ஆனது. குதிரைதான் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரும்படிக்கிற ஆசாரியிடம் போனேன். "யம்மா, துப்பாக்கி சாமான்லாம் நான் கை வைக்க மாட்டன், போலீசு தொல்லை" என்றார். லைசென்சைக் காட்டினேன், படிக்கத் தெரியாது என்று திருப்பிக் கொடுத்தார். கெஞ்சினேன். கடைசியில், "மாதிரி ஒண்ணு குடு. நான் கதவுக் கொக்கின்னு நெனச்சி அடிச்சித் தர்றன். நீ அத எதுல மாட்டுனாலும் எனக்குத் தெரியாது" என்றார். மாதிரி செய்வதற்கு என்னைவிட யார் இருக்கிறார்கள்? நான் அச்சுப் பிரிவில் இருப்பவள். பொம்மையோ கரண்டு பீஸ் கட்டையோ, முதலில் மாதிரி, அப்புறம் அச்சு, அப்புறம் வார்ப்பு, அப்புறம் சூளை. ஒடிந்து மிஞ்சிய பாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காணாமல் போன பாதியை உங்கப்பாவைக் கேட்டுக் கேட்டுப் பிடித்து, முழுக் குதிரையும் களிமண்ணில் செய்தேன். அதற்குப் பிளாஸ்டர் எடுத்து, வழித்து, தேய்த்துக் கொடுத்தேன். ஆசாரியே, "சாமானு செல மாதிரி இருக்குதே" என்றார். நான் தரையில் நடக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் இரும்புக் குதிரை வந்தது. உங்கப்பா மாட்டினார். மாட்டவில்லை. எப்படியோ நெட்டித் தள்ளி மாட்டி விசையைத் தட்டினால் குதிரை, மருந்துக்குப் பொறி கொடுக்கிற அந்தச் சின்ன மூடி, கேப்பு, அதைத் தாண்டிப் போய் வெறும் இரும்பில் இடித்துக்கொண்டு நிற்கிறது. நான் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓடினேன். "ஆசாரி, பெருசா அடிச்சி வச்சிருக்குறீங்க, என் பொழப்பே போச்சு" என்று கடை வாசலில் கத்தினேன். ஆசாரி என் பிளாஸ்டர் மாதிரியை எடுத்து இரும்பின் மேல் வைத்தார். ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லை. "அளவு நீ குடுத்தது" என்றார். அப்புறம் அந்த ஒடிந்த பழைய பாதியை எடுத்து வைத்தேன். என் மாதிரிதான் பெரிது. அப்போது எனக்கு உறைத்தது. நாங்கள் எதைச் செய்தாலும் மண் காயும்போது கொஞ்சம் சுருங்கும், சூளையில் இன்னும் கொஞ்சம் சுருங்கும் என்று அதற்கும் சேர்த்து ஒரு சுற்று பெரிதாகத்தான் செய்வோம். இத்தனை வருஷம் அப்படியே பழகிய கை, என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டிருக்கிறது. நான் சொன்னதும் ஆசாரி துருத்தியை விட்டுவிட்டுச் சிரித்தார். "இரும்பு என்னாம்மா, சீட்டித் துணியா, நனச்சா சுருங்குறதுக்கு?" கம்பெனியில் யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தேன். மறுநாள் காலையில் வாசல் காவல்காரன்கூட, "அக்கா, குதிர சூளைக்கு எப்ப போவுது?" என்கிறான்.

வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியிருந்ததே, அதுதான் கொடுமை. அவர் கண்ணுக்கு நேராக நின்று, கையால் பெரிதாகக் காட்டி, சின்னதாகக் காட்டி, சூளை மாதிரி ஊதிக் காட்டி விளக்கினேன். அவருக்குப் புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார் பார், கண்ணில் தண்ணீர் வர, இருமல் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. எனக்கு ஒரு பக்கம் அவர் முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது, இன்னொரு பக்கம் இன்னொரு குதிரையும் பெரிதாகச் செய்யலாம் போல இருந்தது. ஆனால் பொங்கல் நிற்குமா? கரும்பு வெட்டுக் காலம், ஆசாரிக்கு அரிவாள் வேலை தலைக்கு மேல். "இனிமே பொங்க கழிச்சித்தான்" என்றார். தினமும் ஷிப்டுக்கு முன்னால் போய் அவர் உலைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டேன். பேசவில்லை, நான் பேசாமல் இருந்தால் அது பயமாக இருக்கும். நாலாம் நாள் அவரே, "எந்திரிம்மா, நீ உக்காந்திருந்தா இரும்பு காய மாட்டேங்குது. புதுசா அடிக்க முடியாது, இதையே கழுத்துல இன்னும் மடக்கித் தர்றன், எட்டுற தூரம் கொறஞ்சிடும்" என்று காய்ச்சி மடக்கி, தேய்த்துக் கொடுத்தார். பொருந்திவிட்டது. பார்க்கத்தான் கண்றாவி. தாத்தா காலத்தில் கொக்கு மாதிரி நிமிர்ந்து நின்றது, இப்போது கூன் விழுந்த கிழவி சுள்ளி பொறுக்குகிற மாதிரி இருக்கிறது.

காணும் பொங்கல் அன்று மருந்தை நான்தான் அளந்து துணியில் முடிந்து கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு சிட்டிகை போட்டால் வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நான் ஏரிக்கரையில் பெண்களோடு நின்றேன். தோப்புக்குள் மேளம் நின்றது. நாங்களும் பேச்சை நிறுத்தினோம். ஒன்றும் இல்லை. யாரோ உள்ளே இருமினார்கள், அது கேட்டது. அப்புறமும் ஒன்றும் இல்லை. கரையில் நின்ற பெண்களெல்லாம் மெல்லத் திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். கலியபெருமாள் பெண்டாட்டி பாவம், அவள்கூடச் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் கேப்பு நமுத்துப் போயிருந்ததாம், உங்கப்பா மாற்றிக்கொண்டிருந்தாராம், எனக்கு எப்படித் தெரியும்? என் கட்டில் கால், என் மண்ணெண்ணெய், என் மானம் எல்லாம் அந்தத் தோப்புக்குள் நிற்கிறது. அப்போது வெடித்தது. தம்பி, என் காலுக்குக் கீழே கரை அதிர்ந்தது. ஏரியில் இருந்த கொக்கு அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பியது. நான் கலியபெருமாள் பெண்டாட்டியிடம், "கொக்குக்கெல்லாம் காது நல்லா கேக்குதுடி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

தலையில் பரிவட்டம், தோளில் துப்பாக்கி, உங்கப்பா மாப்பிள்ளை மாதிரி வந்தார். நேராக என்னிடம் வந்தார். முகத்தில் கேள்வி. "புகைய பாத்தேன், தோள்ல இடிச்சுது. சத்தம் எப்பிடி இருந்துச்சு? எங்கப்பா போட்ட மாதிரி இருந்துச்சா?" என்றார். அவருக்குக் கேட்கவே இல்லை தம்பி. இவ்வளவு பாடுபட்ட அந்தச் சத்தம் அவருக்கு மட்டும் கேட்கவில்லை. நான், "கரையே ஆடிப்போச்சு, சாமி சத்தியமா" என்றேன். என் வாயையே பார்த்தார். "கேலி பண்ணாத" என்றார். "இல்லங்க, நெசமாத்தான்." "ஒன்ன நம்புறதா? ஆளே இல்லாத கதவ எத்தினி வாட்டி தொறக்க வச்சவ நீ." போய்க் கலியபெருமாளிடம் கேட்டிருக்கிறார். அவன் மனசாரத்தான் சொல்லியிருப்பான். வந்து என்னிடம், "நல்லாருந்துச்சின்னு அவனே சொல்றான், அதான் எனக்கு சந்தேகமா இருக்குது" என்கிறார். அன்றிலிருந்து இதே பாட்டு. பெரியவர்கள் மரியாதைக்குச் சொல்கிறார்களாம், பங்காளி பரிதாபப்பட்டுச் சொல்கிறானாம், நான் கேலிக்குச் சொல்கிறேனாம். நான் வாழ்க்கையில் முகத்தை நேராக வைத்துக்கொண்டு ஒரு உண்மை சொன்னேன், அது விலை போகவில்லை. நேற்று என்ன சொன்னார் தெரியுமா? "மருந்து பத்தல. வர்ற வருசம் நானே அளந்து இன்னும் ரெண்டு பங்கு போட்டு கெட்டிக்கப் போறன்." கூட்டிப் போட்ட அந்தத் தடவை குதிரை கன்னத்தை உரசிக்கொண்டு போயிற்று. அடுத்த தடவை எங்கே போகும்?

அதனால் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டு, அடுத்த பொங்கலுக்கு லீவு போட்டு மூன்று பேரும் வாருங்கள். லைசென்சில் உன் பேரைச் சேர்க்க நீ வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம், அதையும் போடு. உங்கப்பா கையிலிருந்து துப்பாக்கியை யார் கேட்டாலும் கொடுக்க மாட்டார், பிள்ளை கேட்டால் கொடுப்பார், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்றுதான் அவர் கைக்கும் வந்தது. நீ வெடி. மருந்து நான் அளந்து தருகிறேன், என் கை மண்ணுக்குத்தான் சேர்த்துப் போடும், மருந்துக்குப் போடாது. பேரன் இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறான் என்று எழுதியிருந்தாய், அதற்குள் நன்றாக நடந்துவிடுவான். வேட்டையன்று அவனுக்கு வயிறு முட்ட இளநீர் கொடுத்து, பக்கத்தில் நிற்கிற தாத்தாவின் கழுத்தில் தூக்கி உட்கார வை. வெடி எப்படி இருந்தது என்று அப்புறம் அவர் யாரையும் கேட்க மாட்டார்.

வேட்டி ஒன்று கூடுதலாக நான் மடித்து எடுத்துக்கொண்டு கரையில் நிற்பேன்.

அம்மா